ரயில் பாதையை ஒட்டி கவுன்சில் வீடு: முதல் கோடு வேலியிலிருந்து

நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். அப்பா ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ராத்திரி கூட்ஸ் வண்டி போனால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கலையாது. என்றைக்காவது அது வரவில்லை என்றால்தான் அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்வார். அதனால் லண்டனில் ஒரு கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் சேர்ந்து, ரயில் பாதையை ஒட்டிய ஒரு மனையை முதல்முறையாக என் கையில் கொடுத்தபோது எனக்குப் பயமே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

மனை இதுதான்: ஒரு பழைய குடியிருப்பின் பின்புறம், 1960களில் கட்டிய 22 கார் ஷெட்டுகள். பாதி ஷெட்டில் கார் இல்லை, கிழிந்த மெத்தையும் காலாவதியான பெயின்ட் டப்பாவும்தான். ஷெட்டுக்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் நாலு தண்டவாளம். பதினான்கு வீடு வரும் என்று கணக்குப் போட்டு மேலிடத்தில் கொடுத்தோம். கட்டி முடித்தது பதினொன்று. அந்த மூன்று வீடு எங்கே போயிற்று என்று சொன்னால், இந்த வேலையை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதும் தானாக வந்துவிடும்.

இந்த நாட்டுக்கு வந்து கவுன்சில்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் சேர்கிற நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: கவுன்சில் வீடு என்றால் உள்ளாட்சியே கட்டி, உள்ளாட்சியே குறைந்த வாடகைக்கு விடும் வீடு. 1919 சட்டத்துக்குப் பிறகு இங்கே லட்சக்கணக்கில் கட்டினார்கள். 1980 சட்டம் குடியிருப்பவர்களுக்கே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்ததும் கையிருப்பு கரைந்தது. 2018-இல் கவுன்சில்கள் வீடு கட்டக் கடன் வாங்குவதற்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், அவை மறுபடி கட்டக் கிளம்பின. ஆனால் நல்ல நிலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கையில் மிச்சம் இருப்பது ஷெட் வரிசை, முக்கோண மூலை, ரயில் ஓரம்.

பத்திரத்தைப் படியுங்கள், அப்புறம் பென்சிலை எடுங்கள்

கவுன்சில் நிலம்தானே என்று நினைக்காதீர்கள். ரயில் ஓரத்து நிலம் பலவும் ஒரு காலத்தில் ரயில்வே நிலமாக இருந்து விற்கப்பட்டது. விற்கும்போது பத்திரத்தில் நிபந்தனை எழுதியிருப்பார்கள்: வேலியிலிருந்து இத்தனை தூரத்துக்குள் கட்டக்கூடாது, கட்டும் முன் வரைபடத்தை எங்களுக்குக் காட்ட வேண்டும், வண்டி ஓட்டுவதால் வரும் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் பின்னால் கேள்வி கேட்கக்கூடாது, பாலம் பார்க்கவோ வாய்க்கால் தூர்வாரவோ உங்கள் நிலம் வழியாக வருவோம். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே மனையின் உருவம் மாறிவிடும். சட்டப் பிரிவில் இருப்பவரிடம் பத்திர நகலைக் கேட்டு வாங்கி நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அவர்கள் அனுப்பும் சுருக்கத்தில் 'வழக்கமான நிபந்தனைகள் உண்டு' என்று ஒரே வரி இருக்கும். அந்த வழக்கமான நிபந்தனைதான் நம் கழுத்துக்கு வரும்.

வேலி யாருடையது, எல்லைக் கோடு வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ரயில்வே வேலி பற்றிய சட்டம் 1845-இல் வந்தது, அது இன்னும் நடப்பில் இருக்கிறது. வேலி எப்போதும் எல்லையின் மேலேயே நிற்கிறது என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

ரயில்வேயிடம் போவது எப்போது

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். வரைபடம் முழுக்கத் தயாராகட்டும், பிளானிங் (கட்டட அனுமதி) விண்ணப்பம் போடுவோம், அவர்கள் கருத்தை அப்போது சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். ரயில்வே நிலத்திலிருந்து 10 மீட்டருக்குள் ஏதாவது கட்ட விண்ணப்பம் வந்தால், பிளானிங் அலுவலகம் அந்தத் தண்டவாளத்தைப் பராமரிப்பவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2015 விதி. தகவல் போனது. பதில் பல பக்கத்துக்கு வந்தது. படித்துவிட்டுக் கட்டடத்தைத் திரும்ப வரைந்தோம். ஒன்பது மாதம் போச்சு.

இங்கே பெரும்பாலான பாதைகள் நெட்வொர்க் ரயில் என்ற பொது அமைப்பின் கையில் இருக்கின்றன. லண்டன் பாதாள ரயில் என்றால் லண்டன் போக்குவரத்து ஆணையம். யாருடைய பாதை என்று முதலில் உறுதி செய்யுங்கள், சில இடங்களில் இருவருடைய பாதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். நெட்வொர்க் ரயிலில் வெளியார் வேலையைக் கவனிக்கும் பிரிவை எல்லோரும் 'அஸ்ப்ரோ' என்பார்கள். ஊரில் பழைய தலைவலி மாத்திரைக்கும் அதே பெயர், பொருத்தம் தற்செயல்தான். அவர்களோடு ஓர் அடிப்படைப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட வேண்டும், அதைச் சுருக்கி 'பாபா' என்பார்கள். அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அவர்கள் பொறியாளர் நம் காகிதத்தைத் திறக்க மாட்டார். திறந்த பிறகு அவர் செலவிடும் நேரத்துக்கெல்லாம் பில் நமக்கு வரும். கோபப்பட ஒன்றும் இல்லை. பட்ஜெட்டில் முதல் நாளே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். கட்டட நிபுணரை அமர்த்தும் அதே வாரத்தில் இந்த ஒப்பந்தத்தையும் தொடங்குங்கள்.

கவுன்சில் தன் நிலத்தில் தானே கட்ட, தன் பிளானிங் குழுவிடம் தானே விண்ணப்பிக்கும் விநோதமும் உண்டு. 1992 விதிகளில் மூன்றாவது விதி அதை அனுமதிக்கிறது. அந்த வழியில் கிடைக்கும் அனுமதி கவுன்சிலுக்கு மட்டுமே செல்லும், நிலத்தோடு சேர்த்து வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. பிளானிங் அதிகாரி பக்கத்து மேஜைக்காரர் என்பதற்காக டீ குடித்துக்கொண்டே விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெளியாருக்கு நடக்கிற அதே முறையில் எழுத்தில் நடக்கட்டும். குழுக் கூட்டத்தில் எதிர்ப்பவர்கள் முதலில் தோண்டுவது அதைத்தான்.

மூன்று மீட்டர், ஒரு வீடு

சரி, வேலிக்கு வருவோம். நெட்வொர்க் ரயில் வழக்கமாகக் கேட்பது: கட்டடம் அவர்கள் எல்லையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மேலே மின்கம்பியோ, கீழே மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளமோ இருந்தால் 3 மீட்டர். தெற்கு லண்டன் பக்கம் அந்த மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட். மின்சாரத்தில் ஓடும் மற்றப் பெரிய பாதைகளில் தலைக்கு மேலே 25,000 வோல்ட்.

ஏன் என்று புரிந்துகொண்டால் சண்டை போடத் தோன்றாது. இருபது வருஷம் கழித்து உங்கள் கட்டடத்தின் பின்சுவரில் ஒரு செங்கல் பெயர்கிறது, குழாய் ஒழுகுகிறது என்று வையுங்கள். ஏணி எங்கே நிற்கும்? சாரம் எங்கே கட்டுவீர்கள்? இடம் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ரயிலை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். ஊரில் அதை 'பிளாக்' என்பார்கள், இங்கே 'பொசெஷன்'. பெரிய பொசெஷன்களை வெகு முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று இங்கே அநேகமாக ரயிலே ஓடாது என்பதால் பெரிய வேலைகளெல்லாம் அந்த நாளுக்கு வரிசை கட்டி நிற்கும். ஒரு ஒழுகும் குழாய்க்கு யாரும் அந்த வரிசையில் இடம் தரப்போவதில்லை. ஆகவே பின்சுவரை உங்கள் நிலத்திலேயே நின்று தொட முடிய வேண்டும், துடைக்க முடிய வேண்டும், பழுதுபார்க்க முடிய வேண்டும். பூச்சுச் சுவரைவிடச் செங்கல் நல்லது. ரயில் பக்கம் பால்கனி வேண்டவே வேண்டாம். பூந்தொட்டி விழுந்தாலும் துவைத்த துணி பறந்தாலும் அது மின்கம்பியில் போய்த்தான் முடியும்.

எங்கள் பாதை மின்கம்பிப் பாதை. மனையின் அகலத்தில் 3 மீட்டர் போனதும் வரிசையின் ஓரத்து வீடு மெலிந்துபோனது. இரண்டு படுக்கையறை, நால்வர் வசிக்கும் வீட்டுக்கு இந்த நாட்டுக் குறைந்தபட்சத் தரை அளவு 70 சதுர மீட்டர். எப்படித் திருப்பிப் போட்டாலும் 63-க்கு மேல் வரவில்லை. முதல் வீடு அப்படிப் போயிற்று.

மண்ணும் கிரேனும்

ரயில் ஓரத்து மண்ணை நம்பாதீர்கள். நீராவி எஞ்சின் காலத்துச் சாம்பல், எண்ணெய், ஷெட்டுக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ், களைக்கொல்லி எல்லாம் அதில் இருக்கும். ஜப்பானிய நாட்வீட் என்ற பிடிவாதக் களை இருக்கிறதா என்று கோடையில் பார்த்துவிடுங்கள், குளிர்காலப் படத்தில் அது தெரியாது. அப்புறம் 'ஸ்லோ வர்ம்'. பார்க்கப் பாம்பு மாதிரி இருக்கும், உண்மையில் காலில்லாத பல்லி இனம். 1981 சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு. வெயில் காயும் ரயில் கரை அதற்குச் சொர்க்கம். தார்ஷீட்டுத் துண்டுகளைப் புல்லில் போட்டுவைத்து, சில நாள் கழித்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பதுதான் கணக்கெடுப்பு. வெயில் காலத்தில் மட்டுமே செய்ய முடியும். அக்டோபரில் ஞாபகம் வந்தால் அடுத்த வசந்தம்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். 2024 முதல் மனையின் இயற்கை வளத்தைப் பத்து சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது, முட்புதர்கூட அதில் கணக்கு.

அஸ்திவாரத்தில் அடித்து இறக்கும் பைல் (மண்ணுக்குள் ஆழமாகப் போகும் தூண்) வேண்டாம், துளையிட்டு வார்க்கும் பைல் போடுங்கள். அதற்கும் வேலைமுறை எழுதி அனுமதி வாங்கிய பிறகே மெஷின் உள்ளே வரலாம். பைல் போடும் மெஷின் சாய்ந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். கிரேனுக்கும் அதேதான்: எது ஒடிந்து விழுந்தாலும், எது கை தவறினாலும், தண்டவாளத்துக்கோ மின்கம்பிக்கோ 3 மீட்டருக்குள் எதுவும் விழக்கூடாது. எங்கள் ஒப்பந்தக்காரர் டெண்டரில் பெரிய டவர் கிரேன் போட்டிருந்தார். அதன் கை வேலியைத் தாண்டிச் சுற்றும். அதை மாற்றி, மனையின் முன்மூலையில் சின்ன கிரேன் நிறுத்தி, சுவர்த் துண்டுகளையும் சிறிதாக்கினோம். இதை டெண்டருக்கு முன்னால் யோசித்திருந்தால் விலையில் அடங்கியிருக்கும். பின்னால் யோசித்ததால் கூடுதல் பில். ஆகவே கிரேன் நிற்கும் இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒரு வட்டமாகப் போட்டுவிடுங்கள்.

மழைநீர் வேலிப் பக்கம் ஓடக்கூடாது. நீர் உறிஞ்சும் குழியை மனையின் மறுபக்கத்தில் வையுங்கள். கரை மேட்டின் அடியில் நீங்கள் விடும் தண்ணீர் என்ன செய்யும் என்று மழைக்காலத்தில் சரிந்த கரைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி சத்தமும் ஜூலை வெயிலும்

மற்ற இரண்டு வீடும் போனது இங்கே. இந்த வேலையில் மூளையைப் பிசைய வைப்பதும் இதுதான்.

எங்களுக்கு முதலில் வந்த ஒலி அறிக்கை ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில் மூன்று மணி நேரம் அளந்தது. ராத்திரிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் பேசப் போனேன். முப்பது வருஷமாக அங்கே குடியிருப்பவர். அறிக்கையைக் கையில்கூட வாங்கவில்லை.

"பிள்ளை, வியாழன் இரவு வந்து இருந்து பாருங்கோ. கல்லுக் கோச்சி போகேக்கை உந்தக் கண்ணாடி அலுமாரி கதைக்கும்."

போனேன். பிளேன் டீ போட்டுக் கொடுத்தார். இரண்டே முக்கால் மணி. முதலில் சத்தம் வரவில்லை. அலமாரிக்குள் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசின. பிறகு டீயின் மேலே வட்டம் வட்டமாக நடுக்கம். அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. ஜல்லி ஏற்றிய நீளமான வண்டி, வளைவில் சக்கரம் கீச்சிட, ஒரு நிமிஷத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, பாத்தீங்களே என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

சராசரியும் உச்சமும் வேறு வேறு என்பது இதுதான். எட்டு மணி நேரத்துக்குச் சராசரி போட்டால் அந்த ஜல்லி வண்டி கணக்கில் கரைந்துவிடும், தூங்குகிறவர் காதில் கரையாது. ஆகவே அளப்பது குறைந்தது ஒரு முழு வாரம், ராத்திரியும் சனி ஞாயிறும் சேர்த்து. சரக்கு வண்டி அட்டவணையை வாங்கி ஒப்பிடுங்கள். இங்கே டிசம்பரிலும் மே மாதத்திலும் அட்டவணை மாறும், அந்த மாற்றத்துக்கு முன் எடுத்த அளவு பழைய அளவுதான். வண்டி தடம் மாறும் பாயின்ட், சிக்னலில் நின்று கிளம்பும் இடம், ஸ்டேஷன் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் மனைப்படத்தில் குறியுங்கள்.

இலக்கு என்ன? பிஎஸ் 8233 என்ற தரநூல் படுக்கையறைக்கு ராத்திரிச் சராசரி 30 டெசிபல், கூடத்துக்குப் பகலில் 35 டெசிபல் என்கிறது. கனமான இரட்டைக் கண்ணாடி போட்டு ஜன்னலைச் சாத்தினால் இது எங்கேயும் கிடைத்துவிடும். பழைய நாளில் அதோடு முடித்துவிடுவார்கள்.

ஜன்னலைச் சாத்தினால் வெயில் காலத்தில் என்ன ஆகும்? 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் கட்டட விதிகளில் 'ஓ' பகுதி நடைமுறைக்கு வந்திருந்தது. புது வீடு அதிகம் சூடாகக்கூடாது, அதை முடிந்தவரை மெஷின் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதிலேயே ஒரு கொக்கி உண்டு: இரவு 11 முதல் காலை 7 வரை படுக்கையறைக்குள் சராசரி 40 டெசிபலைத் தாண்டினாலோ, 55 டெசிபல் உச்சத்தை ஒரு ராத்திரியில் பத்து முறைக்கு மேல் தாண்டினாலோ, அந்த ஜன்னலை மக்கள் சாத்தித்தான் வைப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது ஜன்னல் திறந்து அறை குளிரும் என்று கணினியில் காட்ட முடியாது. ஆனால் படுக்கையறை 26 டிகிரிக்கு மேல் போகும் இரவு நேரம் ஆண்டு முழுவதும் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

எங்கள் பாதை மனைக்குத் தென்மேற்கே. வெயிலும் அந்தப் பக்கம், சத்தமும் அந்தப் பக்கம். முதல் வரைபடத்தில் நடுவில் தாழ்வாரம், இரண்டு பக்கமும் வீடு. எண்ணிக்கைக்கு அதுதான் லாபம். ஆனால் பாதி வீடுகளின் எல்லா அறையும் ரயிலைப் பார்க்கும். ராத்திரி திறந்தால் ஜல்லி வண்டி, சாத்தினால் அடுப்பு.

குளிரூட்டும் மெஷின் வைத்துவிடலாம் என்றார்கள். நான் ஒப்பவில்லை. கவுன்சில் வீட்டில் இருப்பவர் மீட்டரைப் பார்த்துப் பார்த்து அடுப்பு மூட்டுகிறவர். மின்செலவு அவருக்கு, பில்டருக்கு இல்லை. வெப்பத்தை மீட்டு காற்றை மாற்றும் பெட்டியைக்கூட, அது ஏதோ கரண்ட் குடிக்கிறது என்று பல வீடுகளில் அணைத்து வைத்திருப்பார்கள். அதன் வடிகட்டியை மாற்ற யாராவது வருஷா வருஷம் போக வேண்டும். அந்தச் செலவுக்குப் பராமரிப்புப் பிரிவு கையெழுத்துப் போடாதவரை அந்தப் பெட்டியை நம்பி வரைய வேண்டாம்.

கடைசியில் கட்டடத்தையே திருப்பினோம். ரயில் பக்கம் மூடிய நடைபாதை, படிக்கட்டு, குளியலறை, சமையலறை. மறுபக்கம், வடகிழக்கே, அமைதியான முற்றத்தைப் பார்த்துக் கூடமும் படுக்கையறைகளும். ஒவ்வொரு வீடும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ரயில் பக்கச் சுவரே படுக்கையறைக்குக் கேடயம். ராத்திரி முற்றப் பக்கம் ஜன்னலைத் திறந்து தூங்கலாம், காலை வெயிலும் சீக்கிரம் போய்விடும். பகலில் இரண்டு பக்கமும் திறந்தால் காற்று ஊடே போகும். நம் ஊர் வீட்டில் முன்வாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரியுமே, அதே யோசனைதான். தாழ்வாரத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே வீடு என்றானதும் இரண்டு வீடு குறைந்தது. குறையட்டும் என்று மேலிடத்தில் சொல்ல எனக்கு நாலு கூட்டம் ஆயிற்று.

மேலே இரண்டு மாடி ஏற்றி ஈடுகட்டலாமே என்று ஒருவர் கேட்டார். 18 மீட்டரோ ஏழு மாடியோ ஆனால் 2022 பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி ஒப்புதல் வாங்காமல் மண்ணைத் தொட முடியாது. பதினொரு வீட்டுக்கு அது பாரம். ஐந்து மாடியோடு நிறுத்திக்கொண்டோம்.

அதிர்வு, கூடவே ஒரு கட்டடம்

அதிர்வு வேறு விஷயம். கண்ணாடி போட்டு அதைத் தடுக்க முடியாது, மண் வழியாக அஸ்திவாரத்தில் ஏறிச் சுவராகவே உறுமும். லண்டனில் வழக்கமாக அறைக்குள் அந்த உறுமல் 35 டெசிபல் உச்சத்தைத் தாண்டக்கூடாது என்று பார்க்கிறார்கள். தாண்டினால் கட்டடத்தையே ரப்பர் அல்லது ஸ்பிரிங் மேல் உட்காரவைக்க வேண்டும். இது புதிதல்ல. 1960களிலேயே செயின்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள நிலையத்துக்கு மேலே அல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடியை இயற்கை ரப்பர் மேல் கட்டினார்கள். ரப்பர் என்றதும் எனக்கு மலேயாத் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவின் அண்ணன் ஞாபகம் வரும், அதை விடுங்கள். எங்கள் மனையில் அளந்தபோது ரப்பர் தேவைப்படவில்லை. அளவை மட்டும் ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள். அஸ்திவாரம் போட்டபிறகு ரப்பரை உள்ளே தள்ள முடியாது.

வரைபடம் தொடங்கும் முன் உங்கள் கட்டடக் கலைஞரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சவுத் ஹாம்ப்ஸ்டெட் நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்தில் அலெக்ஸாண்ட்ரா ரோடு குடியிருப்பு இருக்கிறது. காம்டன் கவுன்சிலில் வேலை பார்த்த நீவ் பிரவுன் 1968-இல் வரையத் தொடங்கி 1978-இல் முடிந்தது. யூஸ்டனிலிருந்து வடக்கே போகும் பெரிய பாதை அதன் முதுகை உரசிக்கொண்டு ஓடுகிறது. உயரமான வரிசை முழுக்க ரயிலுக்கு முதுகைக் காட்டி, படிப்படியாகச் சரிந்து உள்தெருவைப் பார்க்கிறது. முதுகில் ஜன்னல் மிகக் குறைவு, அடியில் ரப்பர். தெருவில் நின்றால் மாடிக்கு மாடி செடிகள் வழிகின்றன, வண்டி போவது கேட்கிறதா என்று காதைத் தீட்ட வேண்டியிருக்கிறது. அப்புறம் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாருங்கள். 1993-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். நான் திட்டம் திரும்பிவந்த பிறகுதான் போனேன், முதலில் போயிருந்தால் ஒன்பது மாதம் மிஞ்சியிருக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள்

மரம். இலை தண்டவாளத்தில் விழுந்து நசுங்கினால் வழுக்கும், பிரேக் பிடிக்காது. அதனால் நெட்வொர்க் ரயில் எந்த மரம் வைக்கலாம், வைக்கக்கூடாது என்றே பட்டியல் வைத்திருக்கிறது. ஓக், பாப்லர், சிக்கமோர், லண்டன் தெருவெல்லாம் நிற்கும் பிளேன் மரம் எல்லாம் கூடாது. ஹாத்தார்ன், பிர்ச், காட்டு ஆப்பிள் பரவாயில்லை. முழுதாக வளர்ந்தபின் எவ்வளவு உயரமோ அதைவிடத் தள்ளி நட வேண்டும். எங்கள் தோட்டக்கலை நிபுணர் அழகாக ஆறு பிளேன் மரம் வரைந்திருந்தார், பாவம்.

விளக்கு. ரயில் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் சிவப்பு, பச்சை விளக்கு வேண்டாம், கண் கூசும் கண்ணாடிச் சுவரும் வேண்டாம்.

வேலி. அவர்கள் வேலியை நம்பாமல், உங்கள் நிலத்துக்குள் 1.8 மீட்டர் உயரத்துக்கு ஏற முடியாத வேலி போடுங்கள். அஸ்திவாரமும் உங்கள் பக்கமே இருக்கட்டும். பக்கத்தில் நடந்து கடக்கும் ரயில்வே கேட் இருந்தால் முன்கூட்டியே பேசுங்கள். புதுக் குடித்தனம் வந்தால் கடப்பவர் கூடுவார்கள் என்று அவர்கள் ஆட்சேபிப்பது உண்டு.

குடியிருப்பவர்களைக் கூட்டிப் பேசும்போது வரைபடத்தை மட்டும் காட்டாதீர்கள். நாங்கள் ஒரு படுக்கையறையில் ராத்திரி கேட்கப்போகும் சத்தத்தை, ஜன்னல் திறந்தும் சாத்தியும், ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினோம். எதிர்ப்பாக வந்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு ஷெட் போனால் காரை எங்கே விடுவது என்ற கேள்விக்கு மட்டும் வந்து நின்றார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கடைசியாகப் பந்து. பிள்ளைகள் விளையாடும் இடத்தை ரயில் வேலி ஓரத்தில் வைக்காதீர்கள், முற்றத்தின் நடுவில் வையுங்கள். அப்படியும் ஒருநாள் பந்து தாண்டும். எங்கள் புதுக் கட்டடத்தில் சாவி கொடுக்கும்போது ஒரு தாளும் கொடுக்கிறோம், தமிழிலும் உண்டு: பந்து அந்தப் பக்கம் விழுந்தால் யாரும் ஏறக்கூடாது, பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். அவருடைய அறையில் எப்போதும் மூன்று புதுப் பந்து இருக்கும். அதற்கான செலவைப் பட்ஜெட்டில் 'இதர' என்ற தலைப்பில் போட்டிருக்கிறேன், இதுவரை யாரும் கேட்கவில்லை.